இளைத்த பிறகுதான் பளு தூக்குவதா?

சீனி கலந்த பானங்களுக்கான கலால் வரி 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசாகத் தொடங்கியது. 2024இல் 50 காசானது. 2025 ஜனவரியில் 90 காசுக்கு ஏறியது. சீனிக்கு எதிரான போர் என்று சுகாதார அமைச்சு இதைச் சொல்கிறது. நம்மவர் வீடுகளிலும் அதன் எதிரொலி கேட்கிறது. தே தாரேக் கேட்டவர்கள் 'கூராங் மானிஸ்' என்று சேர்த்துச் சொல்லப் பழகிவிட்டார்கள். மாலை நேரத்தில் தாமான் பூங்காவைச் சுற்றி நடப்பவர்களில் நம் முகங்கள் கூடியிருக்கின்றன.

நல்ல செய்திதான். ஆனால் நடப்பவர்களில் பலர் மனத்தில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நடந்து, சோற்றைக் குறைத்து, பத்துப் பதினைந்து கிலோவை இறக்கிவிடுவது. உடம்பு இளைத்த பிறகு, ஆசை இருந்தால், ஜிம்முக்குப் போய்ப் பளு தூக்குவது. கொழுப்போடு பளு தூக்கினால் கொழுப்பு அப்படியே கெட்டிப்பட்டுவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. பெண்களுக்கு அது தேவையே இல்லை என்பவர்களும் உண்டு.

அந்த வரிசை தவறானது. யாருக்கும் அது நல்லதல்ல. இந்நாட்டு இந்தியருக்கு அதன் விலை மற்றவர்களைவிடக் கூடுதல்.

தேசிய சுகாதார ஆய்வு 2023இல் எடுத்த கணக்கில், நாட்டின் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள், 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இது எல்லா இனத்தையும் சேர்த்த சராசரி. 2019ஆம் ஆண்டு ஆய்வை இனவாரியாகப் பார்த்தால், இந்தியரிடையே இனிப்பு நீர் 30 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. மூவினங்களில் அதுவே ஆக அதிகம். நம்மவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் மூவரை வரிசையாக உட்கார வைத்தால் ஒருவருக்கு மாத்திரை உண்டு என்று பொருள். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானதற்குக் காரணமும் அதே இனிப்பு நீர்தான்.

ஆகவே எடை குறைய வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. குறைகிற கிலோக்கள் எங்கிருந்து போகின்றன என்பதுதான் யாரும் கேட்காத கேள்வி. தராசு அதைச் சொல்லாது. சாப்பாட்டை மட்டும் குறைத்து ஒருவர் பத்துக் கிலோ இறக்கினால், பொதுவாக அதில் ஏழு அல்லது எட்டுக் கிலோதான் கொழுப்பு. மிச்சம் இரண்டு மூன்று கிலோ கொழுப்பல்லாத எடை, பெரும்பாலும் தசையும் அதிலுள்ள நீரும். உடல் பட்டினியை உணர்ந்தால் கொழுப்பை மட்டும் தேடிப் பிடித்து எரிப்பதில்லை. பயன்படாத தசையையும் விறகாக்கிக்கொள்கிறது. எந்தத் தசை வேலை செய்கிறதோ அதை விட்டுவைக்கிறது. பளுப்பயிற்சியின் பயன் முதலில் இங்கேதான்: இந்தத் தசை தேவைப்படுகிறது என்று உடலுக்குத் தெரிவிப்பது.

நடை அந்த வேலையைச் செய்யாதா? ஓரளவுக்குத்தான் செய்யும். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த, உடல் பருமன் உள்ள 160 பேரை வைத்து ஆறு மாதம் நடத்திய ஆய்வு 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஒரு குழு உணவைக் குறைத்து, நடை போன்ற மூச்சு வாங்கும் பயிற்சி மட்டும் செய்தது. இன்னொன்று உணவைக் குறைத்துப் பளுப்பயிற்சி செய்தது. மூன்றாவது குழு இரண்டையும் செய்தது. மூன்று குழுவிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவு, 9 விழுக்காடு, இறங்கியது. தராசை மட்டும் பார்த்திருந்தால் மூன்றும் ஒன்றே என்று முடித்திருப்பார்கள். உள்ளே அளந்தபோது, மூச்சுப் பயிற்சிக் குழு கொழுப்பல்லாத எடையில் 5 விழுக்காட்டை இழந்திருந்தது. பளுக் குழு இழந்தது 2 விழுக்காடு, இரண்டும் செய்தவர்கள் 3 விழுக்காடு. இடுப்பெலும்பின் அடர்த்தி முதல் குழுவில் 2.6 விழுக்காடு குறைந்தது. பளுக் குழுவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவுதான். எழுந்து உட்கார்வது, படி ஏறுவது போன்ற அன்றாடத் திறனில் ஆக அதிக முன்னேற்றம் கண்டவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள். அவர்கள் இளைத்த பிறகு பளுவைத் தொடவில்லை, இளைக்கும்போதே தொட்டார்கள்.

இந்தியருக்கு விலை கூடுதல் என்று சொல்வதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சிட்டரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் இலண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. எந்த அட்டவணையிலும் இருவரும் சரியான எடைக்காரர்கள். உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. அதே உயரத்துக்கு அதே எடை, ஆனால் தசை குறைவு, கொழுப்பு இரண்டு மடங்குக்கு மேல். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே நிற்கும் உடல்வாகு நம் குடும்பப் படங்களில் யாருக்கும் புதிதல்ல. 'அவர் ஒல்லிதான், எப்படி இனிப்பு நீர் வந்தது?' என்ற கேள்விக்கும் பெரும்பாலும் இதுவே பதில். நாம் உண்ணும் சோற்றின் சர்க்கரையை இரத்தத்திலிருந்து இழுத்துச் சேமிக்கும் ஆகப் பெரிய கிடங்கு தசை. கிடங்கு சிறிதாக இருந்தால் சரக்கு சாலையிலேயே தேங்குகிறது. இதனால்தான் மலேசிய மருத்துவ வழிகாட்டி அதிக எடைக்கு 23, உடல் பருமனுக்கு 27.5 என்று எல்லையைத் தாழ்த்தி வைத்திருக்கிறது. இடுப்பளவிலும் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பதே எல்லை.

தொடக்கத்திலேயே சிறிய கிடங்கு உள்ளவர் பட்டினி கிடந்து அதையும் இடித்துக்கொண்டால் என்ன ஆகும்? எடை ஒரு நாள் திரும்பி வரும். பெரும்பாலோருக்கு அது வரத்தான் செய்கிறது. திரும்பி வருவதில் பெரும்பகுதி கொழுப்பு. போன தசை தானாக முழுதும் வருவதில்லை. மூன்று நான்கு முறை இளைத்துப் பெருத்தவர், பழைய எடைக்கே வந்து நின்றாலும் பழைய உடம்போடு நிற்பதில்லை.

தோட்டத்தில் இருந்த தலைமுறைக்கு இதைச் சொல்லித் தரத் தேவை இருக்கவில்லை. விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டி, நிரை நிரையாக நடந்து, நிறைந்த பால் வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்தவர்களுக்கு அந்த வேலையே பளுப்பயிற்சி. செம்பனைக் குலை பத்துக் கிலோவும் இருக்கும், இருபதைத் தாண்டியும் போகும். அந்த உழைப்புக்கு ஏற்ற சோறுதான் அன்றைய தட்டில் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். இன்று பாதுகாவலர் வேலை, லாரி ஓட்டுவது, தொழிற்சாலை ஷிப்ட், கல்லாப்பெட்டி, அலுவலக மேசை. தட்டில் உள்ள சோறு அதே அளவில் நின்றுவிட்டது, சுமை மட்டும் போய்விட்டது. எஞ்சியுள்ள தோட்டங்களிலும் குலை வெட்டும் வேலையை இப்போது பெரும்பாலும் அந்நியத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். இன்னமும் உதிரிப்பழம் பொறுக்கும் அம்மாக்களுக்கு 'வேலையே உடற்பயிற்சிதானே' என்று தோன்றலாம். நாள் முழுக்கக் குனிந்தே செய்யும் வேலை முதுகை வலிக்க வைக்கும். தொடையையும் தோளையும் வளர்க்க அது போதாது. (ஐம்பது வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதை 'வேலை செய்த உடம்பு' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கத்தையும் நாம் விட்டுவிடலாம்.)

இந்தக் கேள்வியை இப்போது அவசரமாக்கியிருப்பது ஊசி. ஓசெம்பிக், வெகோவி என்ற பெயர்களைத் தனியார் கிளினிக் வாசலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் கேட்காதவர் குறைவு. செமாகுளுடைட் என்ற அந்த மருந்து பசியை அடக்குகிறது. 2021இல் வெளியான பெரிய ஆய்வில், 68 வாரத்தில் சராசரி 15 விழுக்காடு எடையை அது குறைத்தது. மருந்தின் திறனில் ஐயமில்லை. அதே ஆய்வில் ஒரு சிறு பிரிவினருக்கு உடலை ஸ்கேன் செய்து பார்த்தபோது, இழந்த எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு கொழுப்பல்லாத எடையாக இருந்தது. மருந்தை நிறுத்திய ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு எடை திரும்பி வந்தது என்பதும் பின்னர் தெரிந்தது. மாதாமாதம் பல நூறு வெள்ளி கொடுத்து ஊசி போட்டு, பளுவைத் தொடாமல் இளைத்து, பணம் தீர்ந்ததும் ஊசியை நிறுத்தும் ஒருவரின் நிலையை இந்த இரண்டு எண்களையும் சேர்த்து வைத்து யோசிக்கலாம். ஊசி எழுதித் தரும் மருத்துவர் பளுப்பயிற்சியையும் அதே சீட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நோயாளி கேட்க வேண்டும்.

ஆக, எப்போது தொடங்குவது? சோற்றைக் குறைக்கும் அதே வாரத்தில். ஏற்கெனவே பாதி இளைத்துவிட்டவர் இந்த வாரத்தில். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் மூன்றாம் வாரத்தில் இரண்டையும் விட்டுவிடுவோம் என்று தன்னை அறிந்தவர், பளுவை முதலில் தொடங்கி, இரண்டு மூன்று வாரம் உடம்பு பழகிய பிறகு தட்டில் கை வைப்பது நல்லது. பலரும் செய்வதற்கு இது நேர் எதிர். ஆனால் வயிறு காயும்போது புதிய பழக்கம் எதுவும் ஒட்டாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, பெரியவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவோடு, முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வாரம் இரண்டு நாளாவது வலுப்பயிற்சி செய்யவேண்டும் என்கிறது. இதில் முதல் பாதிதான் நம் காதில் விழுந்திருக்கிறது.

வாரம் இரண்டு நாள், நாளுக்கு அரை மணி. ஜிம் இருந்தால் நல்லது, ஆனால் பல இடங்களில் மாதக் கட்டணம் நூறு வெள்ளியைத் தாண்டும். வீட்டில் உள்ளூர் அரிசி பத்துக் கிலோ மூட்டை இருக்கிறது, ஐந்து கிலோ எண்ணெய் போத்தல் இருக்கிறது, ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தல் இருக்கிறது. நூறு கிலோவைத் தாண்டிய, முட்டி வலியுள்ள ஒருவர் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். அவருடைய உடம்பே அவருக்குப் பளு. பத்து முறை எளிதானதும் எண்ணெய் போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டு எழலாம், பிறகு அரிசி மூட்டை. சுவரில் கையை ஊன்றித் தள்ளுவது, பிறகு மேசை விளிம்பு, பிறகு தரையில் தண்டால். பாட்டன் காலத்து பஸ்கியும் தண்டாலும் இதுதான், புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. பையைத் தரையிலிருந்து முதுகு வளையாமல் தூக்கி வைப்பது, போத்தலை இடுப்புப் பக்கம் இழுப்பது, தலைக்கு மேல் உயர்த்துவது, இரண்டு கையிலும் சுமையோடு வராந்தாவில் நடப்பது. எட்டிலிருந்து பன்னிரண்டு முறை செய்ததும் இன்னும் இரண்டு மூன்றுதான் முடியும் என்ற அளவுக்குக் கனம் இருக்கவேண்டும். முப்பது முறை சிரித்துக்கொண்டே செய்ய முடிந்தால் அது பளுவல்ல, கூட்டவேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக்கூடாது.

தூக்கத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரம் தராசு நகராமல் நிற்கலாம், அரைக் கிலோ ஏறவும் செய்யலாம். வேலை கண்ட தசை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அப்படி. பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். அந்த நாட்களில் தராசை மூலையில் வைத்துவிட்டு, தொப்புள் மட்டத்தில் ஓர் அளவு நாடாவைச் சுற்றிப் பார்ப்பது உண்மைக்குக் கிட்டியது.

பெண்கள் ஆண்களைப் போல் முறுக்கேறிவிடுவார்கள் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. அதற்கு வேண்டிய ஹார்மோன் பெண் உடலில் மிகக் குறைவு. மேடையில் நிற்கும் உடற்கட்டழகர்கள் அந்த உடலுக்காகப் பல வருடம் உழைத்திருக்கிறார்கள், அரிசி மூட்டையால் அது தற்செயலாக வந்துவிடாது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாக மெலிவதால், குடும்பத்தில் பளுப்பயிற்சி ஆக அதிகம் தேவைப்படுபவர் ஐம்பது வயது அம்மாதான், இருபது வயது மகன் அல்ல.

சிலர் மட்டும் காத்திருக்க வேண்டும். அதுவும் இளைக்கும் வரை அல்ல, மருத்துவர் பார்க்கும் வரை. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும், உணவையும் குறைத்துப் பயிற்சியையும் கூட்டினால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்தின் அளவை முன்கூட்டியே மாற்றவேண்டியிருக்கும். சர்க்கரையால் விழித்திரையில் இரத்தக் கசிவு உள்ளவர்கள் முக்கித் தூக்குவது ஆபத்து. காலில் ஆறாத புண், கட்டுக்கு வராத இரத்த அழுத்தம், அண்மையில் நெஞ்சு வலியோ ஸ்டென்ட்டோ, இவற்றில் எது இருந்தாலும் முதல் படி கிளினிக்தான். எஸ்டிஆர் உதவி பெறுவோரிலும் அவர்களின் துணைவரிலும் 40 வயதை எட்டியவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் உடல் பரிசோதனை இலவசம். இரத்தம், சிறுநீர் இரண்டையும் பார்த்துவிடுவார்கள். தகுதி இருந்தும் போகாதவர்கள் நம்மில் நிறையப் பேர்.

சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிவது சாப்பாட்டுக்கும் முக்கியம். இளைக்கும்போது தசையைக் காக்க, பளுவோடு புரதமும் வேண்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்களின் உணவை 40 விழுக்காடு குறைத்து நான்கு வாரம் கடுமையாகப் பயிற்சி தந்தார்கள். புரதம் கூடுதலாக உண்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்து, அதே நேரத்தில் 1.2 கிலோ கொழுப்பல்லாத எடையைக் கூட்டினார்கள். புரதம் குறைவாக உண்ட குழு 3.5 கிலோ கொழுப்பை இழந்தது, தசையில் மாற்றம் இல்லை. வாரம் ஆறு நாள் நடந்த அந்தப் பயிற்சி ஐம்பது வயது பாதுகாவலருக்குப் பொருந்தாது. ஆனால் இளைத்துக்கொண்டே தசையைக் காக்கவும் கூட்டவும் முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

நமக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்பது எட்டக்கூடிய இலக்கு. அறுபது கிலோ அம்மாவுக்கு 72 கிராம். பசியாற ரொட்டி சானாயும் தே தாரேக்கும், மதியம் மலைபோல் சோறும் ஒரு துண்டு மீனும், இரவில் மீண்டும் சோறும் ரசமும் என்றால் அதில் பாதி கிடைப்பதே அரிது. காலையில் இரண்டு முட்டை 12 கிராம். நூறு கிராம் கெம்போங் மீன் ஏறக்குறைய 20. நூறு கிராம் தெம்பே 19. கெட்டியான பருப்பு ஒரு கிண்ணம் 15. இதற்கு மேல் சோறும் காய்கறியும் மிச்சத்தை நிரப்பிவிடும். டப்பாவில் விற்கும் புரதப் பொடி இல்லாமலே கணக்கு முடிகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு அளவை மருத்துவரே சொல்லவேண்டும்.

தைப்பூச விரதமும் புரட்டாசியும் இங்கே யோசிக்க வேண்டியவை. நம்மில் பலர் ஆண்டில் உண்மையாகவே இளைப்பது அந்த நாட்களில்தான். மீனும் முட்டையும் தட்டிலிருந்து போய்விடுகின்றன, அந்த இடத்தைச் சோறும் உருளைக்கிழங்கும் வறுத்த அப்பளமும் பிடிக்கின்றன. விரதம் முடிந்து நாலைந்து கிலோ குறைந்ததாக மகிழ்பவர் இழந்ததில் தசை எவ்வளவு என்று தராசு சொல்வதில்லை. விரதத்தை மாற்றத் தேவையில்லை. தெம்பே, தவ்வு, பருப்பு, கடலை, தயிர் எல்லாம் சைவம்தான். பத்துமலையின் 272 படிகளைப் பால்குடத்தோடு ஏறப்போகும் கால்களை அந்த வாரங்களில் பட்டினி போடுவதைவிட வாரம் இரண்டு நாள் பழக்குவது பொருத்தமாக இருக்கும்.

அரசு தரப்பில் சீனி வரி ஏறியிருக்கிறது. 2024 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து விளையாட்டுச் சாதனங்களுக்கும் ஜிம் கட்டணத்துக்கும் சேர்த்து 1,000 வெள்ளி வரை வரி விலக்கும் இருக்கிறது. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்கு அது உதவும். மாதம் இரண்டாயிரம் வெள்ளிக்குள் குடும்பம் நடத்தும் பாதுகாவலருக்கும், அடுக்குமாடியில் தனியே இருக்கும் ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளிக்கும் அதனால் ஒன்றும் இல்லை. அவர்கள் போகும் அரசு கிளினிக்கில் கிடைக்கும் ஆலோசனை இன்றும் பெரும்பாலும் 'நடங்க, சோத்தைக் குறைங்க' என்பதோடு நின்றுவிடுகிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை முறை எழ முடிகிறது என்று அங்கே பார்க்கலாம். அதற்கு ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமும் போதும். வார நாட்களில் பூட்டியே கிடக்கும் ஆலய மண்டபங்களிலும் தோட்டத்துச் சமூக மண்டபங்களிலும் நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை.